20 சதவீதம்தான் என்றார்கள், கார் கண்ணாடி உடைந்தது: சனிக்கிழமை விச்சிட்டா போகலாமா?

புதுக்குடித்தனம்
ஒக்லஹோமா நகரத்துக்கு ஜனவரியில்தான் குடிவந்தோம். போன செவ்வாய்க்கிழமை கைப்பேசியில் இடிமழை வாய்ப்பு 20 சதவீதம் என்று இருந்தது. இருபதுதானே என்று காரை வெளியிலேயே விட்டேன். பகல் முழுக்கச் சுட்டெரிக்கும் வெயில். ஐந்தரை மணிக்கு மேற்கே காலிஃபிளவர் போல ஒரே ஒரு மேகம் எழும்பியது. ஆறரைக்கு எலுமிச்சை அளவில் ஆலங்கட்டி விழுந்து முன்கண்ணாடி போயிற்று.

அன்று புயல் கணிப்பு மையத்தின் வரைபடத்தில் எங்கள் பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இரண்டில் எதை நம்புவது? வரும் சனிக்கிழமை பிள்ளைகளோடு ஐ-35 நெடுஞ்சாலை வழியாக வடக்கே கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா போக வேண்டும். மதியம் மூன்று மணிக்குக் கிளம்புவதாக எண்ணம். அன்றைக்கும் அதே 20 சதவீதம், வரைபடத்தில் மஞ்சள்.

கோதுமைக்காடு
இரண்டையும் நம்பலாம். அவை பதில் சொல்லும் கேள்விகள்தான் வேறு. கைப்பேசியின் 20 சதவீதம், உங்கள் கூரைமேல் 0.01 அங்குல மழையாவது விழுமா என்பதற்கு. தூறலும் எலுமிச்சைக் கட்டியும் அதற்கு ஒன்றே. வரைபடத்தின் நிறமோ, உங்களிடமிருந்து 25 மைலுக்குள் ஓர் அங்குல ஆலங்கட்டியோ, மணிக்கு 58 மைல் காற்றோ, டொர்னேடோவோ வருமா என்பதற்கு. மஞ்சள் இரண்டாம் படி, ஆரஞ்சு மூன்றாம் படி, மொத்தம் ஐந்து.

மே மாதத்தில் இந்தச் சமவெளியில் நடப்பது இதுதான். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையோடு ஊர்ந்து வருகிறது. அதற்கு மேலே, மெக்சிகோவின் மேட்டுநிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் படுத்துக்கொள்கிறது. கீழே வெப்பம் ஏறிக்கொண்டே போனாலும் மேகம் எழும்ப முடியாது. நீங்கள் பார்த்த பளிச்சென்ற வானம் அந்த மூடியின் வேலை. பெரும்பாலான இடங்களில் அது உடையாமலே பொழுது சாய்ந்துவிடும். ஈரக்காற்றும் மேற்கத்திய வறண்ட காற்றும் முட்டும் கோட்டருகே மட்டும் மாலையில் ஓரிரு இடத்தில் உடையும். பங்குக்கு வேறு மேகம் இல்லாததால் சேர்ந்திருந்த ஈரம் அத்தனையும் அந்த ஒன்றுக்கே. போதாக்குறைக்குத் தரையில் தெற்குக் காற்று, உயரே மேற்குக் காற்று. அதனால் எழும்பும் மேகம் சுழலவும் தொடங்குகிறது. சதவீதம் குறைவு என்றால் மழை படும் இடம் குறைவு, அவ்வளவுதான். பட்ட இடத்தில் கண்ணாடி மிஞ்சாது.

மேற்குவாசல்
முதலில் காரை கேரேஜில் விடுங்கள். கேரேஜ் முழுக்கப் பழைய சோஃபாவை அடைத்துவிட்டுக் காரை ஆலங்கட்டிக்குக் கொடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர். நானும் ஒருவன்.

புதுக்குடித்தனம்
நன்றி அண்ணா, இப்போது புரிகிறது. சனிக்கிழமை எதை, எப்போது பார்க்க வேண்டும்? வரைபடத்தில் 1630Z என்று இருக்கிறது. மாலை நாலரைக்கு வருவதைப் பார்த்து என்ன செய்வது?

கோதுமைக்காடு
அது உலகப் பொது நேரம். இப்போது கோடை நேரம் என்பதால் ஐந்து மணி கழியுங்கள்: காலை 11.30. நீங்கள் அதற்கும் காத்திருக்க வேண்டாம். தூரம் ஏறக்குறைய 160 மைல், இரண்டரை மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு விச்சிட்டா. மூன்று மணி என்பதுதான் உங்கள் திட்டத்தில் உள்ள ஒரே தவறு. மூடி உடையும் வேளையில் சாலையில் இருப்பீர்கள். காலையில் பனிநிலை வெப்பத்தை (dew point, காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மட்டும் பாருங்கள். 60 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் ஈரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நார்மன் அக்கா
இன்னும் இரண்டு சொல்கிறேன் தம்பி. 'வாட்ச்' என்றால் சூழல் கூடியிருக்கிறது. 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. வழியில் மாட்டிக்கொண்டால் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கவே கூடாது. அங்கே காற்றின் வேகம் கூடும், பறந்து வரும் பொருளும் அடிக்கும். 1999 மே 3 அன்று இந்தப் பகுதியில் அப்படி ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். உறுதியான கட்டிடம் உள்ள வெளிவழியில் (எக்ஸிட்) நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிடுங்கள். ஊர்ச் சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது. உறங்கும்போது அதை நம்பாமல் ஒரு வானிலை ரேடியோ வாங்கி வையுங்கள். கன்சாஸில் இரவு இரண்டு மணிக்கும் புயல் வரும்.

புதுக்குடித்தனம்
சனிக்கிழமை இரவு எழுதுகிறேன். காலை ஒன்பதே காலுக்குக் கிளம்பினோம், பனிநிலை 66. பன்னிரண்டுக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். மாலை முழுக்க விடுதி ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். தெற்கே நாலைந்து மேகம் எழும்பும், உச்சி தட்டையாகும், கரைந்துவிடும். ஒரு சொட்டு விழவில்லை. இதற்கா விடியற்காலையில் எழுப்பினீர்கள் என்று மனைவி கேட்கிறார்.

கோதுமைக்காடு
மூடி உடையவில்லை. அந்த ஈரம் எங்கும் போகவில்லை, நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். திரும்பி வருவது எத்தனை மணிக்கு?