தூத்துக்குடியில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்

திருச்செந்தூர் போகிறவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடியை பஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருப்பார்கள். என் தங்கச்சியை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம், அதனால் வருஷா வருஷம் போய் வருகிறேன். பாண்டிச்சேரி, ராமேஸ்வரம் என்று ஊர் சுற்றி எழுதுகிறவர்கள் பலரும் எழுதிவிட்டார்கள், இந்த ஊரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். என் கட்சி ஒன்றுதான்: காலையில் வந்து சாயங்காலம் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஊர் பிடிபடாது. இதன் சாப்பாடு இருட்டிய பிறகு, இதன் அழகு விடிவதற்கு முன்னால். நடுவில் இருக்கிற பகல் பெரும்பாலும் வெயிலும் லாரியும்தான். சென்னையிலிருந்து முத்துநகர் விரைவு ரயிலில் வந்தால் காலையில் இறங்கலாம், அன்றைக்கு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் சாயங்காலம் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராத்திரிச் சாப்பாடு. இருட்ட ஆரம்பித்ததும் தெருவுக்குத் தெரு பரோட்டாக் கல் காய ஆரம்பித்துவிடும். இங்கே பரோட்டாக் கடையை நைட் கிளப் என்று சொல்லும் வழக்கம் உண்டு, சில கடைப் பலகைகளிலும் அப்படியே எழுதியிருக்கும், குடும்பத்தோடு வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், உள்ளே பரோட்டாவும் சால்னாவும் கோழியும்தான். துறைமுகத்திலும் மில்லிலும் வேலை முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வந்த ஆட்களை நம்பி வளர்ந்த கடைகள் இவை.

கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை மாஸ்டர் மேஜையில் தட்டி, ஒரு ஓரத்தைப் பிடித்து வீசுவார், நாலாவது வீச்சில் அது கண்ணாடி போல மறுபக்கம் தெரிகிற அளவுக்கு விரிந்திருக்கும். அதைக் கொசுவி, சுருட்டி, வரிசையாக ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த உருண்டையை எடுப்பார். முதலில் சுருட்டியதை ஊறவிட்டுத்தான் கையால் அழுத்திக் கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார், அப்போதுதான் அடுக்கு பிரியும். எண்ணெயில் பொரித்த பரோட்டாவும் கிடைக்கும், அது மொறுமொறு என்று இருக்கும், சால்னா பட்டால்தான் இளகும். இரண்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒரு முறை என் எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் நான் பரோட்டாவைக் கிள்ளிக் கிள்ளி சால்னாவில் தொட்டுத் தின்பதைப் பார்த்துவிட்டு பரிமாறுகிற பையனிடம் சொன்னார்: "ஏய், தம்பிக்கு ரொட்டியப் பிச்சுப் போட்டு சால்னா ஊத்துடே." பையன் இலையிலேயே இரண்டு பரோட்டாவையும் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை முங்க முங்க ஊற்றினான். "இப்பத் தொடாதிய தம்பி, கொஞ்சம் ஊறட்டும்" என்றார். அந்த ஊறல்தான் விஷயம். இங்கத்திய சால்னா கெட்டிக் குருமா கிடையாது, தண்ணியாக இருக்கும், தேங்காயும் சோம்பும் மணக்கும், மாவுக்குள் இறங்குவதற்கென்றே வைத்த குழம்பு. அவர் எழுந்து போகும்போது என் இலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார். சால்னாவுக்குத் தனியாகக் காசு கேட்கிற கடையை நான் இன்னும் அங்கே பார்க்கவில்லை, கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள்.

சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படுத்துவிடுங்கள், ஏனென்றால் விடியும் முன் உப்பளத்துக்குப் போக வேண்டும். திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு பக்கம் போனாலே போதும், சாலையின் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும். வானம் வெளுக்கும்போது ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம் கிடக்கும். படம் எடுக்க வருகிறவர்கள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று வேலையைப் பாருங்கள். வெயில் ஏறினால் நிற்க முடியாது என்பதால் இருட்டோடு வந்து வாருகிறார்கள். நீளக் கம்பில் பலகை மாட்டி, தண்ணீருக்கடியில் படிந்திருக்கிற உப்பைக் கலங்காமல் இழுத்து வரப்போரம் சேர்க்க வேண்டும். வேகமாக இழுத்தால் அடிமண் கலந்துவிடும், உப்பு அழுக்காகிவிடும்.

அங்கே ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் சும்மாடு. "கண்ணுதான் தம்பி முதல்ல போவும். வெள்ளையைப் பாத்துப் பாத்து வெயில்ல கூசும்" என்றார். மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மழை விழுந்தா சோலி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேற வேலைக்குத்தான் ஓடணும்." அந்த மாதங்களுக்கென்று அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது, ஆனால் மூன்று மாத வீட்டுச் செலவுக்கு அது எந்த மூலைக்கு என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தமிழ்நாட்டில் விளைகிற உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து உப்பு. நம் வீட்டுக் குழம்பில் அந்த அக்காவின் கை இருக்கிறது, அவ்வளவு நிஜம். போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொள்கிறேன்: வரப்பை விட்டுப் பாத்தியில் கால் வைக்காதீர்கள், ஆட்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உப்பளத்திலிருந்து திரும்பி அப்படியே திரேஸ்புரம் போய்விடலாம். வள்ளங்கள், அதாவது நாட்டுப் படகுகள், கரைபிடிக்கிற இடம். சனிக்கிழமை போனால் கூட்டம் அள்ளும், ஏனென்றால் தங்கித் தொழில் செய்த வள்ளங்கள் பல அன்றைக்குத்தான் வரும், ஞாயிறு பூசை என்பதால் கடலுக்குப் போக மாட்டார்கள். ஏலம் போடுகிறவரின் வேகம் பழகாத காதுக்குப் பிடிபடாது, விலை கேட்கிறவர்கள் வாயைத் திறப்பதே இல்லை, தலையை அசைத்தால் முடிந்தது. சீலா, விளமீன், ஊளி, பாறை, கணவாய், நண்டு. சென்னையில் வஞ்சிரம் என்று வாங்குவீர்களே, அதுதான் இங்கே சீலா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வள்ளத்து மீன்தான், வரத்து குறைவாகவும் விலை கூடவும் இருக்கும். ஊரில் தெரிந்தவர் வீடு இருந்தால் வாங்கிக்கொண்டு போய்ச் சமைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மதியம் மீன் சாப்பாடு போடுகிற சின்னக் கடைகளில் இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்டு, அதை மட்டும் வாங்குங்கள். பலகையில் எழுதியிருக்கிற பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம்.

பனிமய மாதா பேராலயம் கடற்கரைச் சாலையிலிருந்து நடக்கிற தூரம்தான். இப்போதைய கோயில் 1713இல் எழுந்தது, 1982இல் பசிலிக்கா என்ற சிறப்பு அந்தஸ்து கிடைத்தது. ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்தப் பதினொரு நாளும் ஊரில் சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டு ஆட்களும் அங்கேதான் இருப்பார்கள், என் மச்சான் வீட்டில் சங்கரராமேஸ்வரர் கோயிலுக்கு எப்படிப் போகிறார்களோ அப்படியே மாதா கோயிலுக்கும் போகிறார்கள். தங்கத் தேர் ஒவ்வொரு வருஷமும் ஓடாது, 2013இலும் 2023இலும் ஓடியது. திருவிழாச் சமயத்தில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழைய துறைமுகம் பக்கம் போனால் மரத் தோணிகளைப் பார்க்கலாம். காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறவை. உள்ளே போக அனுமதி வேண்டும், வெளியிலிருந்தே பாய்மரமும் முகப்பும் தெரியும். அங்கே ஒரு டீக்கடையில் ஒரு தாத்தாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன், ஒரு காலத்தில் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்துகிற தலைவராக, இருந்தவர். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் தோணி ஓட்ட முடியாமல் கரையில் கிடந்ததையும், காற்று திரும்பியதும் சரக்கு ஏற்ற அடிதடி நடந்ததையும் நேற்று நடந்த மாதிரி சொன்னார். பேச்சுக்கு நடுவில் வ.உ.சி.யைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கி, இதே கரையிலிருந்து கொழும்புக்கு வெள்ளைக்காரன் கம்பெனியோடு போட்டி போட்டுக் கப்பல் விட்டவர். "காசு இருந்தவன்லாம் சும்மா இருந்தான், வக்கீல் தொழிலை விட்டுப்போட்டு அவரு கப்பல் விட்டாரு" என்றார் தாத்தா. 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் பக்கம் நின்றதும் இதே ஊரில்தான். ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, காரில் வருகிறவர்கள் ஒரு எட்டுப் போய் வரலாம். அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சியும் பக்கம்தான்.

குளிக்கிற ஆசையோடு வருகிறவர்களுக்கு ஊருக்குள் இருக்கிற கடற்கரை ஏமாற்றம்தான். முத்துநகர் கடற்கரையில் சாயங்காலம் காற்று வாங்கலாம், பிள்ளைகள் விளையாடலாம், அவ்வளவே. நல்ல கடல் வேண்டுமென்றால் மணப்பாடு போங்கள். திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரன்பட்டினம் தாண்டி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் மேடு, உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே ஒரு பக்கம் அலை, மறுபக்கம் குளம் போல் அமைதியான தண்ணீர். சவேரியார் தங்கியதாகச் சொல்கிற குகை ஒன்று உண்டு, அதற்குள் நல்ல தண்ணீர்க் கிணறு. கடலுக்கு அத்தனை கிட்டத்தில் உப்புக் கரிக்காத தண்ணீரைக் குடித்தபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன். செப்டம்பர் 14 அங்கே திருவிழா.

போகிற வழியிலேயே பதநீர். மாசி, பங்குனியில் ஆரம்பித்து ஆனி வரைக்கும் திருச்செந்தூர் சாலையோரம் கிடைக்கும். பிளாஸ்டிக் தம்ளர் வைத்திருந்தாலும் ஓலைப் பட்டையில் கேளுங்கள், நுங்கையும் அதிலேயே வெட்டிப் போடச் சொல்லுங்கள். ஓலையின் பச்சை வாசம் பதநீரில் இறங்கும், தம்ளரில் அது வராது. கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டியதால்தான் அது புளிக்காமல் இனிப்பாக இருக்கிறது, ஆனாலும் வெயில் ஏற ஏற ருசி மாறிவிடும், காலை ஒன்பது மணிக்குள் குடித்துவிடுவது உத்தமம். சீசன் இல்லாத மாதத்தில் போகிறவர்கள் கருப்பட்டிக் காப்பி குடியுங்கள்.

இந்த ஊர் பேக்கரி இனிப்பான மக்ரூனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு, அதைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி, மூன்றே பொருள். என் மச்சானுக்குத் தெரிந்த ஒரு பேக்கரியின் பின்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டே சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகிறார்கள், நுரை பஞ்சாகப் பொங்கி நிற்கிறது. மாஸ்டர் பாத்திரத்தை என் முன்னால் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. "இப்பதான் தம்பி முந்திரி சேக்கணும், இதுக்கு முந்தியும் ஆவாது, பிந்தியும் ஆவாது." பொடித்த முந்திரியைக் கையாலேயே மெதுவாகக் கலந்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பி, தட்டில் ஒவ்வொன்றாகப் பிழிந்தார். அடியில் அகலம், மேலே போகப் போகக் கூர், நுனியில் ஒரு சின்னச் சுழிப்பு. ரொட்டி வெந்து முடிந்த விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்து மூடிவிடுகிறார்கள். அது வேகுவதை விட உலருவது என்றே சொல்லலாம். சூடு கூடினால் பழுப்பேறிவிடும். போர்ச்சுகீசியர் வழியாக வந்த பண்டம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வாயில் போட்டதும் மேல் ஓடு நொறுங்கி, நடுவில் முந்திரி பல்லில் லேசாக ஒட்டும், அதுதான் சரியான பதம்.

விலை அதிகமாக இருக்கிறதே என்று பேரம் பேசாதீர்கள், முந்திரி விற்கிற விலைக்கு அப்படித்தான் இருக்கும். ரொம்ப மலிவாகக் கொடுத்தால் முந்திரி குறைவு, வெறும் சீனிதான் கரையும். காற்றுப் பட்டால் ஒரே நாளில் நமத்துவிடும், ஆகையால் ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் வாங்கி, டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள். உடன்குடிக் கருப்பட்டியும் கருவாடும் வாங்குகிறவர்கள் தயவுசெய்து கருவாட்டை வேறு பையில் வையுங்கள், மக்ரூன் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும்.