ராஸ்பெர்ரி பையில் சிஸ்டம் கால் 0 தருகிறது, ஆனால் மாட்யூல் ஏறவில்லை: உதவி வேண்டும்

முதுநகர்_பையன்:
வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பரங்கிப்பேட்டை பக்கம் மாமா இறால் பண்ணை வைத்திருக்கிறார். ராத்திரியில் ஏரேட்டர் நின்றுபோனதால் போன மாதம் ஒரு குளம் முழுக்கச் செத்து மிதந்தது. விடிகாலையில் மாமா கரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன். ஏரேட்டர் சுற்றும் பல்ஸை எண்ண ஒரு கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்றும் துணுக்கு), அதை ஏற்றி இறக்க சி-யில் ஒரு சின்ன புரோகிராம்.

மாட்யூலை ஏற்றும் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) இனிட்_மாட்யூல். அதற்கு லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சியில் ஹெடர் இல்லை. அதனால் சிஸ்கால் ஃபங்ஷனில் நேராக அந்த சிஸ்டம் காலின் எண்ணைப் போட்டேன்: ஏற்ற 175, இறக்க 176. லேப்டாப்பில் டம்மி மாட்யூலோடு சரியாக ஓடியது. ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில், 64 பிட் ஓஎஸ்ஸில், இரண்டுக்குமே 0 வருகிறது. ஆனால் ஏறிய மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாடில் மாட்யூல் இல்லை, கெர்னல் லாகிலும் ஒரு வரிகூட இல்லை. கையால் இன்ஸ்மாட் (மாட்யூலை ஏற்றும் கமாண்ட்) கொடுத்தால் ஏறுகிறது. சூடோ (ரூட், அதாவது அட்மின் உரிமை) இல்லாமல் ஓட்டினால் 0-க்குப் பதில் 1000 வருகிறது. மூன்று ராத்திரியாக முழிக்கிறேன்.

நெல்லிக்குப்பம்_ரவுட்டர்:
உரிமைப் பிரச்சினையாக இருக்கலாம் தம்பி. மாட்யூல் ஏற்றும் உரிமையான கேப்_சிஸ்_மாட்யூல் இருக்கிறதா பாருங்கள். மாட்யூல் ஏற்றுவதையே தடுக்கும் மாட்யூல்ஸ்_டிசேபிள்டு செட்டிங் 1 ஆக இருந்தாலும் ஏறாது, ரீபூட் செய்யும்வரை திரும்ப 0 ஆக்கவும் முடியாது.

முதுநகர்_பையன்:
அது 0-தான் அண்ணா. உரிமை இல்லையென்றால் -1-உம் ஈபெர்ம் (அனுமதி இல்லை) எர்ரரும் வர வேண்டுமே? எனக்கு எர்ரரே வரவில்லை.

லாஸ்பேட்டை_எம்பெடட்:
அந்த 1000-தான் துப்பு. அது உங்கள் யூசர் ஐடி.

175 எக்ஸ்86-64-இன், அதாவது உங்கள் லேப்டாப் வகை சிபியுவின் எண். பையின் சிபியு வகையான ஆர்ம்64-இல் அதே 175 கெட்இயுஐடி (யூசர் ஐடி கேட்பது), 176 கெட்ஜிஐடி (குரூப் ஐடி கேட்பது). நீங்கள் மாட்யூலை ஏற்றச் சொல்லவே இல்லை, "நான் யார்?" என்றுதான் கெர்னலைக் கேட்டிருக்கிறீர்கள். ரூட்டாக ஓட்டினால் விடை 0, அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டீர்கள். சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு ஓட்டுங்கள், அந்தப் பெயரே திரையில் வரும்.

ஆர்ம்64-இல் இனிட்_மாட்யூல் 105, டெலீட்_மாட்யூல் 106, ஃபினிட்_மாட்யூல் 273. ஆனால் இந்த எண்களையும் எழுதி வைக்காதீர்கள். சிஸ்கால் ஹெடரைச் சேர்த்து எஸ்ஒய்எஸ்_ஃபினிட்_மாட்யூல் என்று பெயரைப் போடுங்கள், எந்த மெஷினில் கம்பைல் செய்தாலும் சரியான எண் விழும். ஃபினிட்_மாட்யூல் 2013-இல் வந்த லினக்ஸ் 3.8 முதல் இருக்கிறது. ஃபைலைத் திறந்து அதன் எஃப்டி-யைக் (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) கொடுத்தால் போதும், முழு ஃபைலையும் மெமரியில் படித்து நீளத்தோடு கொடுக்கும் வேலை மிச்சம்.

முதுநகர்_பையன்:
அண்ணா, எஸ்ட்ரேஸில் கெட்இயுஐடி என்றே வந்தது! பெயருக்கு மாற்றினேன், ஏறிவிட்டது. பையின் பின் (pin) எண்ணைப் பாராமீட்டராகக் கொடுத்தது உட்பட எல்லாம் சரி. இறக்கும்போது மட்டும் எர்ரர் 11. ஓ_நான்பிளாக் (காத்திருக்காமல் உடனே திரும்பு) கொடுத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை_எம்பெடட்:
ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் மாட்யூலைப் பிடித்திருக்கிறது. எல்எஸ்மாடில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள், 0 ஆக இருக்காது. எண்ணிக்கையைப் படிக்கும் உங்கள் புரோகிராம் டிவைஸ் ஃபைலைத் திறந்தபடியே விட்டிருக்கும், அதை முதலில் மூடுங்கள். ஓ_டிரங்க் சேர்த்து வலுக்கட்டாயமாக இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் புரோகிராம் கோடு காலடியிலிருந்து போனால் பை அப்படியே உறைந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் குளத்தங்கரையில் அது நடக்கவே கூடாது.

முதுநகர்_பையன்:
லாகர் புரோகிராம்தான் பிடித்திருந்தது. மூடியதும் இறங்கிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. இன்று சாயங்காலம் பண்ணைக்குப் போகிறேன். மாமா முதலில் மூன்றாம் குளத்தில் கட்டச் சொல்கிறார்.