அனாக்சிக் தொட்டிக்குத் தமிழில் என்ன பெயர்? 'பிணைவளி' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பித்து ஆறு மாதமாகிறது. பழைய நிலையம் பி.ஓ.டி.யை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் கேட்கும் ஆக்சிஜன் அளவைக் குறைப்பதோடு சரி. சுத்திகரித்த நீரின் தரம் பற்றிய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கையில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் வரம்பே கிடையாது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றையும் சேர்த்து இறுக்கியது. 21 தீவுகளைச் சுற்றிப் பவளமும் கடற்புல்லும் கிடக்கிற மன்னார் வளைகுடா ஓரத்தில் இது அவசியம். இரண்டுமே பாசிக்கு உரம். பாம்பன் பக்கம் பூங்கோரை என்கிற நுண்பாசி பெருகி வந்து கடல் பச்சையாவதற்குக் காரணம் பல இருக்கலாம். நம் பங்கையாவது குறைப்போமே.

சரி, சொல்லுக்கு வருகிறேன். காற்றூட்டும் தொட்டிக்கு முன்னால் இப்போது இரண்டு புதுத் தொட்டிகள். முதலாவது அனேரோபிக்: ஆக்சிஜனும் இல்லை, நைட்ரேட்டும் இல்லை. அடுத்தது அனாக்சிக்: கரைந்த ஆக்சிஜன் இல்லை, ஆனால் நைட்ரேட் உண்டு. அதிலுள்ள ஆக்சிஜனை பாக்டீரியா பிரித்து எடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் குமிழாகப் போய்விடும்.

ஒப்பந்தக்காரர் இரண்டிலும் 'காற்றில்லாத் தொட்டி' என்றே எழுதி, 1, 2 என்று எண் போட்டார். உப்புக்காற்றில் எண் உதிர்ந்தது. ஒருநாள் இரவு ஷிப்டில், காற்றூட்டும் தொட்டியிலிருந்து நைட்ரேட்டோடு திரும்பி வரும் நீரை, இரண்டாவதற்குப் பதில் முதல் தொட்டிக்குத் திறந்துவிட்டார்கள். பாஸ்பரசைப் பிடிக்கும் பாக்டீரியாவுக்கான இரையை நைட்ரேட்டில் மூச்சுவிடும் கூட்டம் தின்று தீர்த்தது. அந்த வாரம் பாஸ்பரஸ் இறங்கவே இல்லை. வால்வைத் திறந்த தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பலகை சொன்னதைத்தான் அவர் செய்தார்.

அங்கே என்ன இருக்கிறது என்று பெயரே சொல்ல வேண்டும். 'கரைவளியற்ற' நீளம், அதுவும் இல்லாததைத்தான் சொல்கிறது. வேதிப்பிணைப்பு பள்ளியிலேயே படித்த சொல். நைட்ரேட்டில் பிணைந்திருக்கும் உயிர்வளி (ஆக்சிஜன்), பிணைவளி. ஆகவே பிணைவளித் தொட்டி.

மறுமொழி:

ஐயா, 'நைட்ரேட் தொட்டி' என்றால் எல்லோருக்கும் புரியுமே? 'வளி' என்று ஆபரேட்டர்கள் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மறுமொழி:

அம்மா, நானும் முதலில் அதைத்தான் எழுதிப் பார்த்தேன். ஆனால் நைட்ரேட் உண்டாவது காற்றூட்டும் தொட்டியில். இங்கே அது அழிகிறது. புதிதாக வருகிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

வளி பேச்சில் இல்லை என்பது உண்மை. அதனால் போன வாரம் அந்தத் தம்பியிடமே இந்தச் சொல்லை விளக்கினேன். நேற்று மதியம் படிவுத் தொட்டியில் கசடு கட்டிகட்டியாக மேலே வந்து, உடைந்து, பொடிக்குமிழி விட்டது. எட்டிப் பார்த்தவர், "பிணைவளி வேலை இங்கேயே நடக்குது சார், கசடைச் சீக்கிரம் எடுக்கணும்" என்றார்.

பலகை எழுத வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார். இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் அனுப்புங்கள்.