கணுக்கால் சுளுக்கிய மகள் ஐந்து கிழமையில் கராத்தே பட்டிப் பரீட்சைக்குப் போகலாமா?

தலவாக்கலை அப்பா:

வணக்கம். என் மகளுக்கு 15 வயது. எங்கள் தோட்டத்து மண்டபத்தில் நடக்கும் கராத்தே வகுப்புக்கு மூன்று ஆண்டுகளாகப் போய்வருகிறாள். ஒன்பது நாட்களுக்கு முன், பாய்ந்து உதைத்துவிட்டுத் தரையில் இறங்கும்போது வலது பாதம் உட்புறமாக மடங்கி விழுந்துவிட்டாள். அன்று மாலை முழுவதும் மழை பெய்திருந்ததால் மண்டபத்தின் சிமெந்துத் தரை வியர்த்து ஈரமாக இருந்தது. அரை மணி நேரத்துக்குள் வெளிப்புறக் கணுக்கால் முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. காலை ஊன்ற முடியாததால் நானும் என் தம்பியும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் லயத்துக்கு வந்தோம்.

மறுநாள் காலையில் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் எண்ணெய் போட்டு இழுத்துவிட்டுக் கட்டுப் போட்டார். அன்றிரவு வலி கூடியது. பிறகு மெல்லக் குறைந்தது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போது வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது, சமதரையில் நொண்டாமல் நடக்கிறாள். ஆனால் பாடசாலைக்குப் போக லயத்திலிருந்து பஸ் பாதைக்குப் படிகளில் இறங்கும்போது கணுக்காலின் முன்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் வலிக்கிறது என்கிறாள்.

பழுப்புப் பட்டிக்கான பரீட்சை இன்னும் ஐந்து கிழமையில் இருக்கிறது. நடக்கிறாளே, வகுப்புக்கு அனுப்புங்கள் என்கிறார் ஆசிரியர். பெண்பிள்ளைக்கு இது போதும், நிறுத்திவிடு என்கிறார் என் தாயார். அவள் நிறுத்துவதை நான் விரும்பவில்லை. கால் கெடுவதையும் விரும்பவில்லை. இப்போதாவது எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, வீட்டில் என்ன செய்யலாம், எப்போது வகுப்புக்கு அனுப்பலாம் என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொகவந்தலாவை சிலம்பக்காரர்:

ஐயா, நான் மருத்துவன் அல்ல. என் சொந்தக் காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 17 வயதில் கோயில் திருவிழாவுக்காகக் கம்பு சுற்றிப் பழகும்போது எனக்கும் இதே போலக் கால் மடங்கியது. பத்தாம் நாள் வலி குறைந்ததும், வலி போனால் காயம் போயிற்று என்று என் ஆசான் சொன்னதை நம்பித் திரும்பவும் ஆடினேன். அந்த ஆண்டுக்குள் அதே கால் மேலும் இரண்டு முறை மடங்கியது. இன்று எனக்கு 38 வயது. தேயிலை மலையில் வடிகானைத் தாண்டும்போதும், இருட்டில் தண்ணீர்ப் பீலிக்கு இறங்கும்போதும், ஒரு சிறு கல்லை மிதித்தாலே அந்தக் கணுக்கால் தானாகப் புரண்டுவிடுகிறது. அப்போது ஒரு மாதம் பொறுத்திருந்தால் இருபது ஆண்டுகளாக இந்தக் காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்திருக்காது. எங்கள் ஊர்களில் சமதரையில் நடப்பது ஒரு நாளில் மிகக் கொஞ்சம். ஏறுவதும் இறங்குவதும்தான் அதிகம். ஆகவே, சமதரையில் நொண்டாமல் நடக்கிறாள் என்பதை வைத்துத் தயவுசெய்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மத்திய மாகாண இயன்மருத்துவர்:

முதலில் எக்ஸ்ரேயைப் பற்றி. கணுக்கால் மடங்கி வருபவர்களில் யாருக்கு எக்ஸ்ரே தேவை என்பதைத் தீர்மானிக்க, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய விதிகளை இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். அடிபட்ட உடனேயும், மருத்துவர் பார்க்கும் நேரத்திலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. நடக்க முடிந்தாலும், கணுக்காலின் இரு பக்கத்து எலும்புப் புடைப்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்ரிமீற்றர் வரை விரலால் அழுத்தும்போது எலும்பே வலித்தால் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலை நோக்கிப் போகும் எலும்பு தொடங்கும் இடத்தையும், உட்புறத்தில் பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அதே போல அழுத்திப் பாருங்கள்.

உங்கள் மகளின் வயது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்பாலான வளர்தட்டு இருக்கும். மூட்டைக் கட்டிப் பிடிக்கும் நாரை விட அந்தத் தட்டு வலுக் குறைந்தது. அதனால் பெரியவர்களுக்கு நார் கிழியக்கூடிய அதே விழுகையில், பிள்ளைகளுக்கு வளர்தட்டு காயப்படக்கூடும். 15 வயதுப் பெண்பிள்ளைகள் பலருக்கு அது மூடியிருக்கும், சிலருக்கு மூடியிருக்காது. அன்று அவளால் காலை ஊன்றவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே எலும்பின் மேல் இன்றும் அழுத்த வலி இருந்தால், ஒன்பது நாள் கழிந்துவிட்டதே என்று எண்ணாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

எண்ணெய் போட்டு இழுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாட்டு வைத்தியத்தின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் கிழிந்த நாரிலிருந்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் பிசைந்தாலோ சூடு வைத்தாலோ வீக்கம் கூடும். அன்றிரவு வலி கூடியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். அந்த நாட்களில் காலை உயர்த்தி வைப்பது, இறுக்கமில்லாமல் கட்டுவது, தாங்கக்கூடிய அளவுக்கு அசைப்பது ஆகியவை போதும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற பழைய முறையை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி குறைவதற்காகப் பத்து நிமிடம் குளிர்ச்சி வைப்பதில் தவறில்லை. அதற்கு நம் பீலித் தண்ணீரில் நனைத்த துணியே போதும்.

அழுத்திப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். வேறு இரண்டு அளவுகளும் வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். பெருவிரல் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் வரை விலகி இருந்தாலும் தொட முடிகிறது என்று இரண்டு காலுக்கும் அளந்து பாருங்கள். அடுத்து, ஒற்றைக் காலில் கண்ணை மூடி எத்தனை வினாடி நிற்கிறாள் என்று பாருங்கள்; பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

பண்டாரவளை கராத்தே ஆசிரியர்:

நான் 22 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். மகளை வகுப்புக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு, அனுப்பலாம், ஆனால் நிற்க வைக்கக் கூடாது என்பதே என் பதில். பிள்ளை வீட்டில் தனியே கிடந்தால் மனம் சோர்ந்துவிடும், பாட்டியின் பேச்சும் வென்றுவிடும். நாற்காலியில் அமர்ந்தபடியே எல்லாக் குத்துகளையும் தடுப்புகளையும் செய்யலாம். கட்டா என்னும் வகுத்து வைத்த அசைவுத் தொடரின் வரிசையைக் கைகளால் மட்டும் செய்து மனத்தில் பதிக்கலாம். வயிற்றுக்கும் முதுகுக்குமான பயிற்சிகளைத் தரையில் செய்யலாம். என்னிடம் இப்படி ஒரு மாதம் உட்கார்ந்து பழகிய ஒரு மாணவியின் கைவேகம் அந்த மாதத்தில்தான் கூடியது.

எதைச் செய்யக் கூடாது என்பதற்குக் காரணத்தோடு சொல்கிறேன். முன்காலை மடித்து, பின்காலை நீட்டி நிற்கும் சென்குத்சு தாச்சியில் பின்காலின் குதிகால் தரையில் ஒட்டியிருக்க வேண்டும். கணுக்கால் முன்னே மடியாவிட்டால் குதிகால் கிளம்பும், அல்லது முழங்கால் உள்ளே சாயும். முடக்கம் ஒரு மூட்டில் இருக்க, வலி அடுத்த மூட்டுக்கு ஏறுவது இப்படித்தான். பக்கவாட்டிலிருந்து சுழற்றி உதைக்கும் மவாஷி கெரியில் உதைக்கும் காலைப் பற்றித்தான் பெற்றோர் கவலைப்படுகிறார்கள்; உண்மையில் முழு உடலையும் தாங்கிக்கொண்டு தரையில் திரும்புவது ஊன்றிய கால். வலது காலில் காயம் உள்ள பிள்ளை இடது காலால் உதைப்பதுதான் ஆபத்து. பாய்ந்து உதைப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியாகவே அனுமதிப்பேன்.

உங்கள் மண்டபத்துத் தரையைப் பற்றி ஆசிரியரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலையகத்து மண்டபங்களின் சிமெந்துத் தரை மாலையில் ஈரம் கோத்துக்கொள்ளும். வெறுங்காலோடு பழகும் கலையில் அது கண்ணாடி மேல் நிற்பது போன்றது. வாசலில் சாக்கு விரித்துப் பிள்ளைகளின் கால்களைத் துடைக்கச் செய்வது, தரையை உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைப்பது, துடைத்தும் உலராத நாளில் பாய்ச்சலையும் சண்டைப் பயிற்சியையும் விட்டுவிட்டுக் கட்டா மட்டும் பழகுவது என்று நான் வைத்திருக்கிறேன். குளிர் நாட்களில் உடலைச் சூடாக்கும் நேரத்தையும் 10 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாக்கிவிட்டேன். இதையெல்லாம் ஆசிரியர் மீது குறை சொல்வதாக வைக்காமல், அடுத்த பிள்ளை விழக் கூடாது என்ற அக்கறையாகப் பேசினால் நிச்சயம் கேட்பார்.

தலவாக்கலை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தபோது வெளிப்புற எலும்பின் பின்விளிம்பில் முகம் சுளித்தாள். மறுநாளே வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கணுக்கால் பட்டை அணியச் சொன்னார் டாக்டர். சுவர்ச் சோதனையில் இடது கால் 10 சென்ரிமீற்றர், வலது கால் 5. கண்ணை மூடி நின்றபோது இடது காலில் 25 வினாடி, வலது காலில் 6 வினாடிதான். வலி இவ்வளவு குறைந்த பிறகும் இப்படித் தடுமாறுவதைக் கண்டு அவளே பயந்துவிட்டாள். வலிக்கு டைக்குளோபெனாக் மாத்திரை ஒன்று கடையில் தந்தார்கள், கொடுக்கலாமா? பரீட்சை என்னவாகும்?

மத்திய மாகாண இயன்மருத்துவர்:

கூட்டிச் சென்றது மிக நல்லது. முறிவு இல்லை என்பது பெரிய ஆறுதல். படத்தில் தெரியாத சிறிய வளர்தட்டுக் காயம் இருந்தாலும், பட்டை அணிந்து படிப்படியாகப் பழக்குவதே பெரும்பாலும் அதற்கும் வழி.

மகளைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வு முனைகள் அந்த நார்களிலும் இருக்கின்றன. நார் கிழியும்போது அந்தச் செய்தியும் மங்கிவிடுகிறது; வெளிப்பக்கத் தசைகள் தாமதமாக விழிக்கின்றன. இதைப் பயிற்சியால் மீட்கலாம், ஓய்வால் மட்டும் மீட்க முடியாது. மேலே எழுதிய அண்ணனுக்குக் கால் புரள்வதும் இதனாலேயே. இருபது ஆண்டு கழித்தும் சமநிலைப் பயிற்சியால் பயன் உண்டு என்பதால், அவரும் தொடங்கட்டும்.

முதல் இரண்டு கிழமை: காலை, மாலை இருவேளையும் பாதத்தால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதச் செய்யுங்கள், சுவர் முன் முழங்காலை மடிக்கும் அதே அசைவை 15 முறை, சுவரைப் பிடித்து இரு குதிகாலையும் உயர்த்தி மெதுவாக இறக்குவது 15 முறை. பல் துலக்கும் நேரம் முழுவதும் வலது காலில் நிற்கட்டும். அது எளிதானதும் மடித்த கம்பளி மேல் நிற்கட்டும். செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். பாதைக்கு இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நொந்த காலை முதலில் கீழே வைத்து, நல்ல காலை அதனோடு சேர்க்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்து அணியட்டும்.

அதன் பிறகு ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தல், மெல்லோட்டம், இரு காலால் தாவல், கடைசியாக ஒற்றைக் காலால் தாவல். சுவர்ச் சோதனையில் இரண்டு காலுக்கும் இடையே 1 அல்லது 2 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இல்லாமலும், ஒற்றைக் கால் குதிகால் உயர்த்தலில் இடது காலுக்கு ஈடாகவும், ஒற்றைக் காலில் முன்னும் பக்கவாட்டிலும் வலியின்றித் தாவவும் முடிந்த நாளில் மவாஷி கெரியைத் தொடங்கலாம். அந்த நாள் ஐந்தாம் கிழமையிலும் வரலாம், எட்டாம் கிழமையிலும் வரலாம். பரீட்சைத் தேதியை வைத்துக் காலை அவசரப்படுத்தாதீர்கள். கட்டாவை மட்டும் இப்போது காட்டி, சண்டைப் பகுதியை அடுத்த முறைக்குத் தள்ள முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்; முடியாது என்றால் அடுத்த பரீட்சைக்கு விடுங்கள்.

டைக்குளோபெனாக் வேண்டாம். இந்த அளவு வலிக்கு, தேவைப்பட்டால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பனடோல் போதும். நம் நாட்டில் டெங்கு இருப்பதால், காய்ச்சல் வந்த பிள்ளைக்கு டைக்குளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

பட்டையைப் பயிற்சியின்போதும் மலைப்பாதையில் நடக்கும்போதும் குறைந்தது ஆறு மாதம் அணியட்டும். மறுபடி மடங்கும் வாய்ப்பு முதல் ஆண்டில்தான் அதிகம். விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்கள். இரவில் கழற்றிவிடுங்கள்.