தஞ்சை விமானதளம்: துணி போர்த்திய வெல்லிங்டனும் ஐப்பசி ஈரமும்

கும்பகோணம் உறுப்பினர், ராணுவ வரலாறு

தஞ்சாவூர் விமானதளம் என்றதும் போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் நின்ற இடம் என்றே பலரும் எழுதுகிறார்கள். இங்கே உருவான ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) சண்டை விமானங்களுடையது அல்ல. பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ம் ஸ்குவாட்ரன், வில்ட்பீஸ்ட் என்ற இரட்டை இறக்கை டார்பிடோ (கப்பலைத் தாக்க நீருக்குள் பாயும் குண்டு) விமானங்களோடு 1942 ஜனவரி 26 அன்று மலேயாவின் எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் போய் நொறுங்கியது. அதே ஸ்குவாட்ரனை அக்டோபர் 22-ல் தஞ்சையில் வெல்லிங்டன் என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களோடு மறுபடி எழுப்பினார்கள். அந்த ஏப்ரலில்தான் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை எல்லாம் ஒரே வாரத்துக்குள் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்தன. வங்கக் கடலைக் காக்க டார்பிடோ சுமக்கும் நீண்டதூர விமானம் தேவைப்பட்டது. 1943-ல் ஸ்குவாட்ரன் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டது.

திருவையாறு உறுப்பினர், ஏர்ஃப்ரேம் (விமான உடற்கூடு) வேலை

அண்ணன் சொன்ன தேதியைக் கவனியுங்கள்: அக்டோபர் 22, ஐப்பசி. வெல்லிங்டனின் உடம்பு டியூராலுமின் (அலுமினியக் கலப்புலோகம்) வலைப்பின்னல், பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்தது. சுமார் 86 அடி இறக்கை உட்பட மேலே போர்த்தியிருப்பது டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசிய லினன் துணி. வடகிழக்குப் பருவமழையில் அந்த டோப்தான் முதல் தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது துணியின் மேற்பரப்பு குளிரும். காற்றின் ஈரம் அதில் படியும். பூச்சு வெள்ளை பூத்துவிடும். பூத்த இடம் பார்க்க வெறும் நிறமாற்றம்போலத் தோன்றும், ஆனால் வலு கிடையாது, துணியும் இறுகாது. மெதுவாக ஆவியாகும் தின்னரைத் தெளித்து அந்தப் பூச்சை இளக்கி மறுபடி காயவிட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு, வெயிலடிக்கும் நாளில் புதிதாகப் பூச வேண்டும். மழை நாளில் அவசரப்பட்டு மேலே இன்னொரு கோட் போடுவது வேலையைக் கெடுப்பது.

அடிப்பக்க வடிகால் துளைகளில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். தூசியோ குளவியின் மண்கூடோ அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும். துணி அடியிலிருந்து மக்கும், டியூராலுமினில் வெள்ளைப் பொடி கிளம்பும். விரலால் அழுத்தித் தீர்மானிக்காதீர்கள். கருவி வைத்துச் சோதியுங்கள். புதுத் துணியின் வலுவில் 70 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் மாற்றத்தான் வேண்டும். பிட்டாட் குழாய்க்கு (காற்றழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அளக்க உதவும் குழாய்) உறை கட்டாயம். அதில் குளவி கூடு கட்டினால் வேகமானி பொய் சொல்லும்.

மன்னார்குடி உறுப்பினர், எஞ்சின்

பழைய வெல்லிங்டன்களில் இருந்த பெகாசஸ் ஒன்பது சிலிண்டர் ரேடியல் எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்பது. நின்ற நிலையில் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் இறங்கிவிடும். சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பல்லரைக் கையால் ஆறு பிளேடாவது சுற்றுங்கள். தடுத்தால் பலம் போடாதீர்கள், பின்னோக்கியும் திருப்பாதீர்கள். பின்னோக்கித் திருப்பினால் எண்ணெய் இன்டேக் (காற்று உள்ளே வரும்) குழாய்க்குள் போய் ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும், கனெக்டிங் ராட் வளையும். கீழ் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடுவது ஒன்றே வழி.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் வேறு சிக்கல். தரையில் நிற்கும்போது இறக்கையடி ரேடியேட்டருக்குக் காற்றோட்டம் போதாது, இறங்கி நிற்கும் சக்கரக்கால் வேறு அதை மறைக்கிறது. நம்மூர் வெயிலில் சில நிமிடங்களிலேயே குளிரூட்டி கொதிநிலைக்கு ஏறும். ஹரிக்கேன் என்ற இன்னொரு சண்டை விமானத்தின் ரேடியேட்டர் வயிற்றடியில், புரொப்பல்லர் காற்றிலேயே இருப்பதால் சற்றுத் தாங்கும். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இரண்டையும் பார்க்கலாம். முதலில் அந்த ரேடியேட்டர்களைக் குனிந்து பாருங்கள்.

கும்பகோணம் உறுப்பினர்

தஞ்சைத் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 விமானங்களின் 222-ம் ஸ்குவாட்ரன் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்றும் படம் எடுக்க வேண்டாம்.