பதில்: காற்றீடா, வளித்திருத்தமா?

வணக்கம்.

துப்பாக்கி சுடுதலில் காற்று குண்டை விலக்குவதற்கும், அதற்காகச் சுடுபவர் செய்யும் திருத்தத்துக்கும் தமிழில் என்ன சொல் என்ற நம் விவாதத்தின் எல்லா மடல்களையும் படித்தேன். இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கி சுடும் மையம் பற்றிய கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதனால் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

> காற்று குண்டைத் தள்ளுகிறது. ‘வளித்தள்ளல்’ என்றால் சிறுபிள்ளைக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் களத்தில் 1000 கஜம் சுடுகிறார்கள். வெற்றிடத்தில் 1 நொடியில் போய்ச்சேரக்கூடிய குண்டு காற்றுத்தடையால் 1.6 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 4 மீட்டர் குறுக்குக் காற்று. ஆற்றில் போட்ட கட்டை மாதிரி அடித்துக்கொண்டு போனால் 6.4 மீட்டர் விலக வேண்டும். விலகுவதோ 2.4 மீட்டர்தான், ஏனென்றால் கணக்கில் வருவது தாமதமான அந்த 0.6 நொடி மட்டுமே. குண்டு மூக்கைக் காற்றுப் பக்கம் லேசாகத் திருப்பிக்கொள்கிறது, தடை அதைச் சாய்வாகப் பின்னால் இழுக்கிறது. ஆகவே நடப்பதை மட்டும் சொல்லும் ‘காற்று விலகல்’ போதும்.

அந்த 2.4 மீட்டருக்காகச் சுடுபவர் பின்குறியை (துப்பாக்கியின் பின்பக்கக் குறிபார்ப்பானை) ஏறத்தாழ 9 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) திருப்புகிறாரே, அது வேறு செயல், அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘காற்றீடு’ என்றேன், காற்றுக்கு ஈடுகொடுப்பது.

> முதலீடு, குறியீடு எல்லாம் ‘இடு’ நீண்டு வந்தவை. காற்றீடு என்றால் டயருக்குக் காற்றடிப்பது என்றே படிப்பார்கள்.

இதை எழுதிய அம்மாவின் இலக்கணத்தில் குறையே இல்லை, கேடு, பேறு போல அதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்தான். ஆனால் நட்டஈடும் புழக்கத்தில் இருக்கிறது, அதை யாரும் நட்டத்தை இடுவது என்று படிப்பதில்லை. ‘வளியீடு’ மட்டும் வேண்டவே வேண்டாம், மெய்ப்புப் பார்ப்பவர் அதை ‘வெளியீடு’ என்று திருத்திவிடுவார். புறநானூற்றின் ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ வரைக்கும் போய், வளை என்ற வேரிலிருந்து வளியைக் கொண்டுவந்த நீண்ட மடலை ரசித்துப் படித்தேன், ஆனால் அந்தப் பாடல் வரி பாய்மரத்துக்குக் காற்றைப் பயன்படுத்தியவனைப் பற்றியது, இங்கே காற்றுக்கு எதிராகக் கணக்குப் போடுகிறோம்.

அப்புறம், சுடுபவர்கள் ‘மிராஜ்’ என்று சொல்வதற்கு முன்மொழியப்பட்ட பேய்த்தேர். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அது தொலைவில் நீர்போலத் தோன்றும் பொய்த்தோற்றம். சுடுபவர் தொலைநோக்கியில் பார்ப்பது, சூடான காற்று நெளிந்தோடும் சூட்டலை. அது ஓடும் பக்கத்தை வைத்துத்தான் காற்றைக் கணிக்கிறார். நேராக மேலே எழுந்தால் காற்று இல்லை, அல்லது சுடும் கோட்டிலேயே வீசுகிறது. அந்தச் சூட்டலையைக் கானல் என்றே சொல்லி, பக்கவாட்டில் போனால் ‘கானல் ஓடுகிறது’, நேராக எழுந்தால் ‘கானல் கொதிக்கிறது’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் காட்சி வந்துவிடும், அதற்கு அகராதி தேவையில்லை.

இப்போதைக்கு ‘காற்றீடு’ பக்கம்தான் பலர் சாய்ந்திருக்கிறீர்கள். அம்மா ‘வளித்திருத்தம்’ என்பதை விடவில்லை, விடவும் வேண்டாம். கட்டுரையில் முதல் இடத்தில் விளக்கத்தோடு காற்றீடு என்று போடுகிறேன்.

இன்னொன்று பாக்கி. காற்று வரும் திசையைக் கடிகார முகப்பைக் கொண்டு சொல்கிறார்கள்: இலக்கை 12 மணியாக வைத்தால் 3 மணிக் காற்றுக்கு முழுப் பலம், 1 மணிக் காற்றுக்குப் பாதி. ‘அரைக்காற்று’ என்றால் வேகம் பாதி என்று நினைத்துவிடுவார்களா? வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.