ஊட்டி மலை ரயிலில் நீராவி இன்ஜின் எது வரை? டிக்கெட், பெட்டி பற்றி விவரம் தேவை

சேலத்துப் பயணி:
மூன்று பேர் போகிறோம், அதில் ஒருவருக்கு 70 வயது. நீராவி இன்ஜினில் போக வேண்டும் என்பதுதான் ஆசை, ஊட்டி சுற்றுவது இரண்டாம்பட்சம். குன்னூர்–ஊட்டி டிக்கெட் சுலபமாகக் கிடைக்கிறது. அது போதுமா? ரயிலில் மலை ஏறுவது நல்லதா, இறங்குவதா? 46 கிலோமீட்டருக்கு ஏன் ஐந்து மணி நேரம்?

கல்லாறு கேட்:
போதாதுங்க. பலரும் ஏமாறுவது இங்கேதான். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டிவிடுவார்கள். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு மட்டும் போய்வரும் ரயில்களிலும் டீசல்தான். நீராவி வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி உங்கள் டிக்கெட்டில் இருக்க வேண்டும்.

காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும், நண்பகல் வாக்கில் ஊட்டி. மறுவழியில் ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்கு. முன்பதிவு திறக்கும் அன்றே எடுங்கள். காத்திருப்புப் பட்டியலை நம்பாதீர்கள், இடங்களே சொற்பம். தேடும்போது போட வேண்டிய நிலையக் குறியீடு மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி (MTP), ஊட்டிக்கு யுஏஎம் (UAM). ஊட்டி வரை இடமில்லை என்றால் ஓஎன்ஆர் (ONR), அதாவது குன்னூர் வரை போட்டுப் பாருங்கள். நீராவிப் பகுதி முழுக்கக் கிடைத்துவிடும், மிச்சத்துக்கு பஸ் இருக்கிறது.

பெரியவருக்கு: பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. மேட்டுப்பாளையத்திலேயே போய்விட்டு ஏறட்டும். பெரிய சூட்கேஸ் வேண்டாம், கால் வைக்கும் இடத்தைத்தான் அது பிடிக்கும்.

பொன்மலை ஃபிட்டர்:
நேரம் ஏன் என்பதற்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203. கல்லாறு வரை சமதளம்போலத்தான். அதன் பிறகு குன்னூர் வரை செங்குத்து, மிக மோசமான இடத்தில் 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். வெறும் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் நடுவில் இரண்டு பற்பட்டைகள் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக வரும். ஆகவே இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி விடாது. ஆப்ட் முறை என்று பெயர். இந்தப் பகுதியில் வேக வரம்பே மணிக்கு 13 கிலோமீட்டர், மற்ற இடங்களில் 30. நடுவே கொதிகலனுக்குத் தண்ணீர் பிடிக்க வேறு நிற்க வேண்டும்.

டீசலை அங்கே விடாததற்கும் இதுவே காரணம்: குன்னூருக்கு மேலே ஓடும் டீசல் இன்ஜினில் பல்சக்கரம் கிடையாது.

இங்கே ஓடும் நீராவி இன்ஜின் எக்ஸ் வகை. அதில் நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. கீழே உள்ளவை சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பற்பட்டை தொடங்கியதும் அவை கழிக்கும் நீராவி மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தை ஓட்டும். கல்லாறு வரை மேல் தண்டுகள் சும்மா கிடக்கும், பிறகுதான் உயிர் வரும். வளைவுகளில் பின்னால் எட்டிப் பார்த்தால் தெரியும்.

சேலத்துப் பயணி:
பின்னாலா? இன்ஜின் முன்னால் இருக்காதா?

பொன்மலை ஃபிட்டர்:
ஏறும்போது கீழ்ப்பக்கத்திலிருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். எனவே முதல் பெட்டியில் வழி திறந்து கிடக்கும், புகையும் குறைவு. சத்தம் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி. எனக்கென்னவோ கடைசிப் பெட்டிதான் சரி.

ஏறுவதா இறங்குவதா என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏறுங்கள். இறங்கும்போது இன்ஜின் உழைப்பதே பிடித்து நிறுத்துவதற்கு. சிலிண்டர்கள் காற்றை அமுக்கித் தடையாக மாறும், சூடேறாமல் இருக்க உள்ளே தண்ணீர் பீய்ச்சுவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்காளர் நின்று கைப்பிரேக் போடுவார். பார்க்க அருமைதான், ஆனால் அந்த மூச்சிரைப்பு இருக்காது.

கல்லாறு கேட்:
ஒன்று விட்டுப்போச்சு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிருங்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து ரயில் நிற்பது அடிக்கடி நடக்கும். அந்த மாதங்களில் போயே தீர வேண்டுமென்றால், முந்தின நாள் மாலை மேட்டுப்பாளையம் நிலையத்தில் கேட்டுக்கொண்டு சேலத்திலிருந்து கிளம்புங்கள்.